கணுவும் கதிரும்

உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர் ஒருவர் சென்ற கிழமை நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். தமிழ்ப் பாடவேளையில் தொல்காப்பிய மரபியலைப் படித்தபோது, பனையும் தென்னையும் புல்லின்பாற்படும் என்று தமிழாசிரியர் விளக்கினாராம். அதனைத் தாவரவியல் ஆசிரியரிடம் சொன்னபோது, பனை புல் அன்று, அதற்குத் தனிக்குடும்பம் உண்டு என்று அவர் மறுத்தாராம். "இருவருள் யார் சொல்வதை நம்புவது, ஐயா? புல் என்றால் உண்மையில் என்ன?" என்று மாணவர் கேட்கிறார்.

முதல் வினாவுக்கு விடை, இருவர் சொல்வதும் சரி என்பதே. அப்புக்காத்துமார் சொல்லும் விடை போல இது தோன்றலாம். ஆயினும் உண்மை அதுதான். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். பனையை அரிந்து பார்த்தவர்கள் இதனை அறிவர். வெளிப்புறம் இரும்பு போல இருக்கும். உள்ளே மெல்லிய சோற்றி. வேம்பிலும் பாலையிலும் வயிரம் நடுவில் இருக்கும். நுணுக்குக்காட்டி காட்டும் காரணமும் இதற்கு உண்டு. வேம்பின் தண்டில் நீரையும் உணவையும் கொண்டு செல்லும் கலன்கட்டுகள் வளையமாக அமைந்துள்ளன. அவற்றிடையே உள்ள மாறிழையம் புதிய காழை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால் மரம் பருக்கிறது, பழைய காழ் நடுவில் இறுகி வயிரமாகிறது. பனையிலும் மூங்கிலிலும் கரும்பிலும் மாறிழையம் இல்லை. கலன்கட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. விளிம்பை நெருங்க நெருங்கச் செறிந்து நிற்கின்றன. ஆகவே வன்மை புறத்தே அமைகிறது.

இன்றைய தாவரவியலார் இவை அனைத்தையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்ற பெரும்பிரிவில் சேர்க்கின்றனர். ஆனால் புல் என்ற பெயரை அப்பிரிவில் ஒரு குடும்பத்துக்கு மட்டுமே வழங்குகின்றனர். ஏறத்தாழ 12,000 இனங்கள் கொண்ட அக்குடும்பத்தில் நெல், குரக்கன், சாமை, தினை, வரகு, இறுங்கு, சோளம், கோதுமை, கரும்பு, மூங்கில், அறுகு எல்லாம் அடங்கும். பனை அடங்காது. எல்லாவற்றையும் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்று மார்தட்டுவோரும், பழைய இலக்கணத்தில் அறிவியலுக்கு என்ன வேலை என்று உதறுவோரும், பனந்தூண் ஒன்றைக் குறுக்கே அரிந்து பார்த்தால் இருசாராரும் சற்று அமைதியடைவர் என்பது நம் எண்ணம்.

இரண்டாம் வினாவே இக்கிழமை நமக்குப் பொருளாகிறது. அதற்கு வாசகர்கள் ஒரு சிறிய முயற்சி செய்தல் வேண்டும். வயல் அருகில் உள்ளவர்கள் ஒரு நெற்பயிரை வேரோடு பிடுங்கிக் கழுவி எடுத்துக்கொள்க. மற்றவர்கள் வேலியோரத்துப் புல் எதையேனும் எடுக்கலாம். ஒரு கைவில்லையும் ஊசியும் பழைய சவர அலகு ஒன்றும் போதும். அலகைச் சிறுவர் கையில் கொடாமல் பெரியவர்கள் வைத்துக்கொள்வது நன்று.

முதலில் தண்டைக் காண்போம். புல்லின் தண்டுக்குத் தமிழில் ஒரு பெயரன்று, பல பெயர்கள் உண்டு. நெல்லுக்குத் தாள், இறுங்குக்குத் தட்டை, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை. தாவரவியற் பாடப்புத்தகங்கள் எல்லாவற்றையும் தண்டு என்ற ஒரே சொல்லுள் அடக்கிவிட்டது நமக்குச் சிறிது வருத்தமே. நெல்லின் தாளை விரலால் தடவிக்கொண்டு போனால் இடையிடையே முடிச்சுப் போன்ற கணுக்கள் தட்டுப்படும். கணுவுக்குக் கணு உள்ள பகுதி கணுவிடை. நெல்லிலும் மூங்கிலிலும் கணுவிடை குழலாக இருக்கும். கணுவில் மட்டும் குறுக்கே திண்ணிய தட்டு ஒன்று அடைத்து நிற்கும். சோளமும் கரும்பும் கணுவிடையிலும் உள்ளீடு நிறைந்தவை. கரும்புக்கு அது நமக்கு நற்பேறு.

இத்தாளை இரு விரல்களுக்கிடையே உருட்டுக. தடையின்றி உருண்டால் அது புல்லாக இருக்கலாம். மூன்று மூலைகள் விரலில் இடறினால் அது கோரை. ஊர்வழக்கில் கோரைப்புல் என்கிறோம். தோட்டங்களில் எத்தனை முறை கொத்தினாலும் கிழங்கிலிருந்து மீண்டும் எழும் அக்கோரை புற்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதன் இலைகள் மூன்று வரிசையில் நிற்கும். புல்லின் இலைகளோ இரண்டே வரிசையில், ஒன்று இடமெனில் அடுத்தது வலமாக, ஏணிப்படி போல ஏறிச் செல்லும்.

இனி இலைக்கு வருவோம். வகுப்பில் மாணவரைப் புல்லின் இலையை வரையச் சொன்னால், பத்தில் எட்டுப் பேர் ஒரு காம்பை வரைந்து அதன் நுனியில் நீண்ட இலையைப் பொருத்திவிடுவர். மாவிலையும் பூவரசிலையும் மனத்தில் நிற்பதன் விளைவு அது. நெல்லிலையில் காம்பு இல்லை. கணுவிலிருந்து எழும் இலை முதலில் உறையைப் போலத் தாளைச் சுற்றித் தழுவி மேலே செல்கிறது, இப்பகுதியே மடல். ஒரு சாண் அளவு சென்றபின் அது தாளை விட்டு விலகி, நாம் இலை என்று பொதுவாகச் சொல்லும் பரப்பாக விரிகிறது. மடலை ஊசியால் மெல்லப் பிரித்துப் பார்க்க: பெரும்பாலான புற்களில் அது ஒட்டிய குழாயன்று, ஓரம் ஓரத்தின்மேல் படிந்த போர்வை. கோரையிலோ ஓரங்கள் ஒட்டிக் குழாயாகவே இருக்கும்.

மடலும் பரப்பும் சந்திக்கும் இடத்தை நன்றாக உற்று நோக்குக. தாளை ஒட்டினாற்போல வெண்மையான மெல்லிய சவ்வு ஒன்று நிமிர்ந்து நிற்கும். நெல்லில் அது நீண்டு, நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். அதற்குச் சிறுநா என்று பெயர். அதன் இருபுறமும் மயிர் அரும்பிய, அரிவாள் போல வளைந்த சிறு செவிகள் இரண்டு தாளைப் பற்றிக்கொண்டிருக்கும். புல்லுக்குப் புல் இச்சிறுநா வேறுபடும். சிலவற்றில் சவ்வு, சிலவற்றில் மயிர்வரிசை, சிலவற்றில் அது இல்லவே இல்லை.

இத்துணை நுண்ணிய உறுப்பை அறிந்து என்ன பயன் என்று கேட்போர் ஒருமுறை களை பறிக்கும் வயலுக்குச் செல்ல வேண்டும். குதிரைவாலிச் சாதியைச் சேர்ந்த களைகள் (தாவரவியலார் 'சாதி' என்பது நெருங்கிய இனங்களின் கூட்டத்தை, வேறு பொருள் கொள்ள வேண்டா) இளமையில் நெல்லைப் போலவே தோன்றும். அதே பச்சை, அதே நிமிர்வு, அதே இலையகலம். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. களையென்று நெல்லைப் பிடுங்கினால் இன்றைய இழப்பு. நெல்லென்று களையை விட்டால் அது நெல்லின் உரத்தைத் தின்று, நெல் அறுக்குமுன்னே விதையை உதிர்த்து அடுத்த போகத்துக்கும் இடம் பிடித்துக்கொள்ளும். பழகிய பெண்கள் குனிந்தபடியே கணப்பொழுதில் பிரித்தெடுப்பதை நாம் பலமுறை வியந்து நோக்கியதுண்டு. அவர்கள் விரல் தேடுவது இந்த மூட்டுவாயைத்தான். நெல்லில் சிறுநாவும் செவியும் உண்டு. இக்களைகளில் அவ்விடம் வழுவழுவென்று வெறுமையாக இருக்கும். ஒரு மாணவன் பத்து நிமிடத்தில் கற்கக்கூடிய இந்த அடையாளம் ஒரு குடும்பத்தின் விளைச்சலைக் காக்கவல்லது.

இக்களைகள் நெல்லின் சாயலை எவ்வாறு பெற்றன என்பது வியப்பான கதை. உருசிய நாட்டுத் தாவரவியலார் நிக்கொலாய் வவிலோவ் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நெல்லை ஒவ்வாத களைகளை உழவர் பல நூற்றாண்டுகளாகப் பிடுங்கி எறிந்தனர். நெல்லை ஒத்த சில மட்டும் கண்ணுக்குத் தப்பி விதை விட்டன. அவற்றின் சந்ததியிலும் அவ்வாறே. ஆக, களை பறித்த கையே களையை நெல்லின் வடிவத்தில் வளர்த்துவிட்டது. கோதுமை வயலில் களையாகப் புகுந்த 'ரை' என்னும் புல், இவ்வழியே நாளடைவில் தானியப் பயிராகவே உயர்ந்தது என்பதும் அவர் கருத்து. உலகத்துத் தானிய விதைகளைத் தேடித் தேடிச் சேர்த்த அந்த அறிஞர், 1940இல் தம் நாட்டு அரசினாலேயே கைது செய்யப்பட்டு, 1943இல் சிறையில் மாண்டார்.

இனி, புல்லை மற்றச் செடிகளிலிருந்து பிரித்துக் காட்டும் தலையாய இயல்புக்கு வருவோம். மிளகாய்ச்செடியின் நுனியைக் கிள்ளிவிட்டால் அக்கிளை அதற்குமேல் நீள்வதில்லை. பக்கத்து மொட்டுகளே தழைக்க வேண்டும். அதன் வளரிடம் உச்சியில் இருப்பதே காரணம். அறுகம்புல்லை மாடு கடித்துவிட்டால் மறுநாளே அந்த அரைகுறை இலை நீளத் தொடங்குகிறது. ஏன்?

புல்லின் வளரிடம் உச்சியில் இல்லை, அடியில் இருக்கிறது. கலங்கள் பிரிந்து பெருகும் இழையத்தைப் பிரியிழையம் என்பர். புல்லிலையில் அது இலையின் அடிப்பாகத்தில், மடலுக்குள் ஒளிந்திருக்கிறது. தாளில் ஒவ்வொரு கணுவிடைக்கும் அடியில், கணுவுக்குச் சற்று மேலே, ஒவ்வொரு பிரியிழையம் உண்டு. இதனைச் சோதித்துப் பார்க்க விரும்பும் மாணவர், இன்னும் முழுதும் வெளிவராத ஓர் இளம் நெல்லிலையில் அரை அங்குலத்துக்கு ஒன்றாக மையினால் புள்ளிகள் இடுக. இரண்டு நாள் கழித்து அளந்தால் புள்ளிகளுக்கிடையே உள்ள தூரம் மாறியிராது. ஆனால் எல்லாப் புள்ளிகளும் ஒருசேர மேலே ஏறியிருக்கும். வெளியே தெரியும் பகுதி வளரவில்லை, உள்ளிருந்து தள்ளப்படுகிறது. பற்பசைக் குழாயை அமுக்கினாற்போல என்று வகுப்பில் ஒரு சிறுவன் உவமை சொன்னான். நாம் அதைவிட நல்ல உவமை இதுவரை காணவில்லை.

இளம் நெற்பயிரில் இலைகளை ஈன்றுகொண்டிருக்கும் தலைநுனியும் மண்மட்டத்திலேயே, மடல்களின் அரவணைப்பில் கிடக்கிறது. நாம் தண்டென்று எண்ணுவது அப்பருவத்தில் தண்டன்று; ஒன்றுக்குள் ஒன்று செருகிய மடல்களின் சுருளே. உண்மைத்தாள் அடியில் ஓர் அங்குலம்கூட இராது; கணுக்கள் அடுக்கடுக்காக நெருங்கியிருக்கும். அக்கணுக்களின் மொட்டுகளிலிருந்து பக்கத்தாள்கள் கிளம்புவதையே பயிர் மட்டம் வெடிக்கிறது என்கிறோம். விதைத்து மூன்று கிழமையான வயலில் கட்டாக்காலி மாடு புகுந்து மேய்ந்துவிட்டால் உடையவர் தலையில் கைவைத்துக்கொள்கிறார். வேரோடு பிடுங்கப்படாமலும் சேற்றில் மிதிபட்டு அமிழாமலும் இருந்தால் அப்பயிர் பெரும்பாலும் தேறிவிடும். மாடு தின்றது இலையை. வளரிடம் அதன் வாய்க்கு எட்டவில்லை.

அதே மாடு ஐந்து கிழமை கழித்துப் புகுந்தால் கதை வேறு. மூன்றரை மாத நெல்லில் ஏறத்தாழ 40 முதல் 45 நாளளவில் அத்தலைநுனி இலை ஈனுவதை நிறுத்திவிட்டுக் கதிர்க்கருவாக மாறுகிறது. அதன்பின் கணுவிடைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு, தொலைநோக்கியின் குழாய்களை இழுத்தாற்போல, கருவை மேலே உயர்த்துகின்றன. கடைசி இலையின் மடல் கதிரைச் சுமந்து பருத்திருப்பதே குடலைப் பருவம். இப்போது கடிபட்டால் அந்தத் தாளுக்கு மறு கதிர் இல்லை. அடியிலிருந்து புதிய மட்டங்கள் வெடித்தாலும் அவை பிந்தி, ஒன்றுபோல் முற்றாமல் போகும். வேலிக்காகவும் மாட்டுக்காகவும் ஊரில் நடக்கும் வழக்குகளில், பயிர் எந்தப் பருவத்தில் மேயப்பட்டது என்பதை முதலில் கேட்கும் மத்தியஸ்தர் நியாயமான மத்தியஸ்தர் என்று நாம் சொல்வோம்.

கரு உண்டானதை வெளியிலிருந்து கண்டறிய முடியாது. தாய்த்தாள் ஒன்றைப் பிடுங்கி, அலகினால் அடியிலிருந்து நேர் நெடுக்காகப் பிளந்து பார்த்தல் வேண்டும். குழலின் நுனியில் ஓரிரு மில்லிமீற்றர் அளவான, வெண்மயிர் படர்ந்த சிறு கூம்பு தெரிந்தால் அதுவே கதிர். அதில் எத்தனை மணிகள் கட்டும் என்பது அந்நாட்களிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. ஆதலால்தான் யூரியாவின் ஒரு பங்கை அவ்வேளைக்கு ஒதுக்கி வைக்குமாறு விவசாயப் போதனாசிரியர்கள் சொல்கின்றனர். நாட்காட்டியைப் பார்த்து உரமிடுவோர் பலர். தாளைப் பிளந்து பார்த்து இடுவோர் சிலர். உரம் விற்கும் விலையில் ஒரு தாளை இழந்து பார்ப்பது வீண் செலவு அன்று.

கணுவைப் பற்றி மற்றொன்று. காற்றிலும் மழையிலும் பயிர் சாய்ந்துவிட்டால், இளந்தாள் சில நாட்களில் நுனியை மீண்டும் நிமிர்த்துவதைக் கண்டிருப்பீர்கள். கணுவைச் சூழ்ந்து பருத்திருக்கும் மடலடியில் கீழ்ப்பக்கம் மட்டும் நீளுவதால் தாள் அவ்விடத்தில் மேல்நோக்கி வளைகிறது. மணி முற்றிக் கனத்தபின் சாய்ந்தால் இது கைகூடுவதில்லை. பழைய நெல்வகைகள் பல ஆளுயரத்தை நெருங்குவன. உரம் கூடினால் கணுவிடை மேலும் நீண்டு படுத்துவிடும். பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1950களின் பிற்பகுதியில் பரவிய எச். 4 என்ற நெல் நம் நாட்டின் விளைச்சலை உயர்த்தியது. ஆயினும் அதுவும் உயர்ந்த வகையே. 1966இல் பிலிப்பைன்சிலிருந்து வெளிவந்த ஐ.ஆர். 8, கணுவிடை குறுகிய குட்டைத்தாள் கொண்டது. பின்வந்த நம் நாட்டு வகைகளும் பெரும்பாலும் அவ்வழியே சென்றன. வைக்கோல் குறைந்துவிட்டதே என்று மாடு வளர்ப்போர் முணுமுணுத்தது வேறு கதை.

வேரைச் சுருக்கமாகவே பார்ப்போம். மணியிலிருந்து வந்த முதல் வேர் நீண்ட நாள் நிலைப்பதில்லை. அடிக்கணுக்களிலிருந்து கொத்தாகக் கிளம்பும் நாருரு வேர்களே புல்லைத் தாங்குகின்றன. 1937இல் டிட்மர் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பெட்டியில் நான்கு மாதம் வளர்ந்த ஒரேயொரு 'ரை'ப் பயிரின் வேர்களை அளந்தார். நுனியோடு நுனி வைத்தால் அவற்றின் நீளம் ஏறத்தாழ 620 கிலோமீற்றர்! யாழ்ப்பாணத்திலிருந்து காலி வரை சென்றாலும் மிச்சம் இருக்கும். அறுகு நிலத்தின் மேலும் கீழும் தண்டு ஓடிக் கணுவுக்குக் கணு வேரூன்றுகிறது. கொத்தித் துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒரு பயிர். இலுக்குப்புல்லின் நிலக்கீழ்த்தண்டு ஊசி போன்ற நுனியுடையது. மலைச்சாரலில் தீ வைத்தால் அயலில் உள்ள செடிகள் கருகிப்போக, இலுக்கு மட்டும் முதல் மழையில் பச்சையாக எழும். தீ மேலே, மொட்டு கீழே.

புல்லறுக்கும்போது கையைக் கிழிப்பது எது? மண்ணிலிருந்து உறிஞ்சிய சிலிக்கா, இலையோரத்துப் பற்களிலும் உமியிலும் கண்ணாடித் துணுக்குகளாகப் படிந்திருக்கிறது. உமியை எரித்துக் கிடைக்கும் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்களவு சிலிக்காவே. அன்று உமிக்கரியால் பல் விளக்கியோர் அதன் உரசலை அறிவர். பல்லின் மேற்பூச்சுக்கு அது நல்லதன்று. புல் மக்கினாலும் இத்துணுக்குகள் அழியா. நடு இந்தியாவில் கிடைத்த, கல்லாகிப்போன பழஞ்சாணத்தினுள்ளே இவற்றைக் கண்டெடுத்த ஆய்வாளர்கள், ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே, பெரும்பல்லிகள் வாழ்ந்த காலத்திலேயே, புற்கள் இருந்தன என்று 2005இல் வெளியிட்டனர்.

பூவுக்கு வந்துவிட்டோம். நெல்லுக்குப் பூ உண்டா என்று வியப்போர் பட்டணத்தில் மட்டும் இல்லை. இதழும் வண்ணமும் தேனும் இல்லாததால் அதனை நாம் பூவென்று எண்ணுவதில்லை. வண்டை அழைக்க வேண்டியதில்லாத பூவுக்கு அலங்காரம் எதற்கு? நாம் உமி என்று புடைத்தெறியும் இரு ஓடுகளுமே நெற்பூவின் கதவுகள். அவற்றுள்ளே ஆறு கேசரங்கள், ஒரு சூலகம், இறகு போன்ற இரு குறிகள். பெரும்பாலான புற்களில் கேசரம் மூன்றே, நெல்லில் ஆறு. சூலகத்தின் அடியில் கடுகினும் சிறிய இரு செதில்கள் உள்ளன. முற்பகலில், பெரும்பாலும் ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில், இச்செதில்கள் நீரை உறிஞ்சிப் பருத்துக் கதவுகளை நெம்பித் திறக்கின்றன. கேசரங்கள் நீண்டு வெளிவந்து மகரந்தத்தைச் சிந்துகின்றன; பெரும்பகுதி தன் குறியிலேயே விழுகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் செதில்கள் வாடிக் கதவு மூடிக்கொள்கிறது. பின்பு அது தானாகத் திறப்பதில்லை.

ஒரு மணியின் வாழ்வு அந்த ஒரு மணி நேரத்தில் தங்கியிருக்கிறது. அவ்வேளையில் பெருமழை அடித்தாலோ, வெயில் 35 பாகை செல்சியசுக்கு மேல் ஏறினாலோ, மகரந்தம் பயன்படாது போகிறது. ஓடு இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. அதுவே பதர். ஆண்டுக்கு ஆண்டு வெப்பம் ஏறிவரும் இக்காலத்தில், முற்பகல் சூடேறுமுன்பே பூக்கும் நெல்வகைகளை ஆய்வாளர்கள் தேடுவதன் காரணம் இதுதான். தூற்றும்போது பதர் மிகுந்திருந்தால் விதையையோ உரத்தையோ குறைசொல்லுமுன், கதிர் பூத்த அந்தக் கிழமையில் வானிலை எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்ப்பது நல்லது.

மணியைத் தாவரவியலார் விதை என்று சொல்லார். அது ஒரு கனி. கனியின் தோலும் விதையின் தோலும் பிரிக்கவியலாதபடி ஒட்டிப்போயிருப்பது புற்குடும்பத்தின் முத்திரை. உமியை நீக்கினால் சிவந்தோ பழுத்தோ தோன்றும் அத்தோல்களும், அவற்றையடுத்த ஒரு கலப்படையும் சேர்ந்ததே தவிடு. அடுக்களையில் உள்ள தீட்டிய பச்சையரிசி ஒன்றை எடுத்துக் கைவில்லையில் பாருங்கள். ஒரு முனையில் மூலை கடித்தாற்போலப் பள்ளம் இருக்கும். முளை இருந்த இடம் அது. ஆலையில் தவிட்டோடு போய்விட்டது. மிஞ்சிய வெண்மையெல்லாம் முளைக்காகத் தாய்ப்பயிர் கட்டிக்கொடுத்த சோறு. வித்தகவிழையம் என்பது அதன் பெயர். பிள்ளைக்கு வைத்த சோற்றை நாம் உண்கிறோம்.

முளையிலும் தவிட்டிலுமே விற்றமின் பீ 1 பெரிதும் தங்கியிருக்கிறது. யாவாவில் பணியாற்றிய ஒல்லாந்த மருத்துவர் ஐக்மன், தீட்டிய அரிசியை மட்டும் உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிட்டரிசி கொடுத்தபோது அவை தேறியதையும் 1890களில் கண்டார். பெரிபெரி நோயின் காரணத்தை அறிய அது வழிகாட்டியது. 1929இல் அவருக்கு நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது அவ்விற்றமினில் ஒரு பகுதி தவிட்டிலிருந்து உள்ளே ஊறிப் படிந்துவிடுகிறது. எனவே ஒரே அளவு தீட்டினாலும் புழுங்கலரிசியில் அது கூடுதலாக மிஞ்சும். வெள்ளை வெளேரென்ற அரிசியை மதிப்பின் அடையாளமாகக் கருதும் வீடுகளில் இதனைச் சற்று எடுத்துச் சொல்வது மாணவர் கடன்.

முளைப்பதையும் பார்த்துவிட விரும்புவோர் இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொள்க. ஒன்றில் ஈரத்துணிமேல் பத்து நெல்மணிகள். மற்றதில் மூன்று அங்குல ஆழத் தண்ணீருக்கு அடியில் பத்து. அரிசியன்று, உமியோடு கூடிய விதைநெல்லே வேண்டும். துணிமேல் உள்ளவற்றில் வேர் முந்திக்கொண்டு வரும். நீரினடியில் உள்ளவற்றில் வேர் காத்திருக்க, குருத்தை மூடிய உறை முதலில் நீண்டு, காற்றைத் தேடி மேலே எழும்பும். உயிர்வாயு அரிதான சேற்றில் நெல் பிழைப்பது இவ்வாறே. நாள்தோறும் இரண்டையும் அளந்து எழுதிவைத்து நமக்கு அனுப்புங்கள். மூங்கில் ஆயுளில் ஒரே முறை பூத்து மடிவது உண்மையா என்று மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அதனை அடுத்த கிழமைக்கு வைத்துக்கொள்வோம்.